'உன் கதையை நீயே எழுது!' அமெரிக்க காலேஜ் கட்டுரைக்கு பெற்றோர் உதவுவது எப்படி?

நீடாமங்கலம்: மன்னார்குடி அரசு கல்லூரியில் சேர பிளஸ்-2 மார்க் போதும். ஆனால் அமெரிக்க பல்கலைக்கழகங்கள் பலவற்றில் மாணவர் தன்னைப்பற்றி ஆங்கிலத்தில் கட்டுரையும் எழுத வேண்டும். 'காமன் ஆப்' என்ற பொது விண்ணப்பத்தில் இதற்கு 250 முதல் 650 வார்த்தை வரைதான் அனுமதி.

"நாங்க படிக்கலையே, எப்படி உதவுறது?" என்று பெற்றோர் தயங்க வேண்டாம். ராத்திரி சாப்பிடும்போது பிள்ளையிடம் கேளுங்க. ரயில்வே கேட்டில் மாட்டிக்கிட்டு பரீட்சைக்கு ஓடுனது, குறுவை அறுவடையில் மழை வந்து நெல்லுக்கு தார்ப்பாய் போட்டது... அன்னைக்கு என்ன நினைச்சே? அப்புறம் உன்கிட்ட என்ன மாறுச்சு? அந்த பதில்தான் கட்டுரை. முதலில் தமிழில் சொல்லட்டும், பிறகு ஆங்கிலத்தில் எழுதட்டும்.

பிழை இருந்தால் டீச்சர் காட்டித் தரலாம். ஆனால் காசு கொடுத்து பிறரை எழுத வைக்காதீங்க. சொந்தமாக எழுதியது என்று மாணவர் உறுதிமொழி தரவேண்டும். பொய் என தெரிந்தால், கிடைத்த சீட்டும் ரத்தாகலாம்.