காசு கொடுத்து வாங்கிய கேம் நம்முடையதுதானா? கேசட்டில் இருந்து டவுன்லோடுக்கு மாறியதில் நடந்தது என்ன?

பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு வந்தபோது இரண்டு மாடல்களுக்கு விலை அறிவித்தார்கள். டிஸ்க் போடுற மாடல் 49,990 ரூபாய். டிஸ்க் போட வழியே இல்லாத டிஜிட்டல் மாடல் 39,990 ரூபாய். ‘அட, பத்தாயிரம் மிச்சம்!’னு தோணும். ஆனால், ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க.

சோனியின் புது கேம் ஒன்று 4,999 ரூபாய்க்கு வந்தது. டிஸ்க்கில் வாங்கினால், ஆடி முடித்ததும் செகண்ட் ஹேண்டில் விற்றுப் பாதிப் பணத்தையாவது எடுக்கலாம். சித்தப்பா பையனுக்குச் சும்மாவே கொடுக்கலாம். டவுன்லோடு செய்த கேமை விற்க முடியாது, கைமாற்றிவிடவும் முடியாது. அது உங்கள் அக்கவுன்ட்டிலேயே இருக்கும்.

அப்போ நாம் வாங்குவது எதை?

‘பை’ பட்டனை அழுத்தும்போது நமக்குக் கிடைப்பது கேம் அல்ல, லைசென்ஸ். அதாவது, ஆடிக்கொள்ள ஓர் அனுமதி. ஸ்டீம் தளத்தின் ஒப்பந்தத்திலேயே அக்கவுன்ட்டை இன்னொருவருக்கு மாற்றித் தர முடியாது என்று இருக்கிறது. நாம்தான் படிக்காமல் ‘ஐ அக்ரி’ கொடுத்துவிடுகிறோம்.

அனுமதியைத் திரும்ப எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல உதாரணம் ‘தி க்ரூ’. யூபிசாஃப்ட் நிறுவனம் 2014-ல் வெளியிட்ட கார் ரேஸ் கேம் இது. 2024 மார்ச் 31-ம் தேதி அதன் சர்வரை நிறுத்தினார்கள். இன்டர்நெட் இல்லாமல் ஓடாத கேம் என்பதால், டிஸ்க் வைத்திருந்தவர்களாலும் அதன் பிறகு ஆட முடியவில்லை. ஆக, கையில் டிஸ்க் இருந்தாலே பத்திரம் என்ற காலமும் போய்விட்டது. 2025-ல் வந்த நின்டென்டோ ஸ்விட்ச் 2-வின் சில கார்டுகளில் கேமே இருக்காது, சாவி மட்டும்தான். கேமை நெட்டில்தான் இறக்கணும். ஆனால், அந்தக் கார்டை இன்னொருவருக்கு விற்கலாம் என்பது ஓர் ஆறுதல்.

நம்ம ஊரில் இது நடந்ததா?

நடந்தது. 2020 செப்டம்பர் 2-ம் தேதி மத்திய அரசு தடை செய்த 118 ஆப்களில் பப்ஜி மொபைலும் ஒன்று. அக்டோபர் 30-ம் தேதி இந்தியாவுக்கான சர்வரும் நின்றது. ஸ்கின், துப்பாக்கி என்று காசு போட்டு வாங்கியதெல்லாம் அப்படியே முடங்கியது. 2021-ல் பிஜிஎம்ஐ வந்தபோது பழைய கணக்கை மாற்றிக்கொள்ள வழி கொடுத்ததால் பலர் தப்பித்தார்கள். 2022 ஜூலையில் அதுவும் ஆப் ஸ்டோர்களில் இருந்து காணாமல் போய், 2023 மே மாதம் திரும்பி வந்தது. தடைக்கான காரணம் வேறு, பாதுகாப்பு. ஆனால், இத்தனையிலும் காசு போட்டவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

டிஜிட்டலால் நல்லதே இல்லையா?

இருக்கு. சங்கரன்கோவில் பக்கம் இளையரசனேந்தலை எடுத்துக்குங்க. இந்த மாதிரி ஊர்களில் 90-களில் டிவியில் சொருகி ஆடிய கேசட்டுகள் பெரும்பாலும் நகல்கள்தான். நின்டென்டோவின் ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த மலிவு மெஷின், ‘9999 இன் 1’ என்று ஒட்டிய கேசட், உள்ளே மரியோவும் கான்ட்ராவும் திரும்பத் திரும்ப வரும். ஒரிஜினல் டிஸ்க் விற்ற ஷோரூம்கள் பெருநகரங்களைத் தாண்டி அதிகம் வரவில்லை. இன்று அந்த ஊர்ப் பையன் ஒருவன் கோவில்பட்டிக்குக்கூட பஸ் ஏறாமல், சென்னைக்காரருக்குக் கிடைக்கும் அதே நாளில் அதே கேமை ஒரிஜினலாக வாங்க முடியும். ஸ்டீம் 2015-லிருந்து ரூபாயிலேயே விலை போடுகிறது.

ஆனால், அங்கேயும் ஒரு சிக்கல். முதல் சூப்பர் மரியோ கேமின் மொத்த அளவே சுமார் 40 கிலோபைட். இன்றைய பெரிய கேம்கள் 100 ஜிபியைத் தாண்டுகின்றன. தினம் 1.5 ஜிபி தரும் ரீசார்ஜை வைத்து 100 ஜிபி இறக்க 67 நாள் ஆகும். வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வராத ஊரில், டிஜிட்டல் கேம் என்பது கண்ணுக்குத் தெரிந்தும் கைக்கு எட்டாத பண்டம். அண்ணன் ஆடி முடித்து தம்பிக்குக் கொடுத்த கேசட்டுக்கு எந்த டேட்டாவும் தேவைப்படவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் அமலில் இருக்கிறது. விற்பது வெறும் லைசென்ஸ் என்றால், அதைத் தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்குங்கள்’ என்ற வார்த்தையை ஆன்லைன் கடைகள் பயன்படுத்தக்கூடாது. நிரந்தரமாக ஆஃப்லைனில் வைத்துக்கொள்ள டவுன்லோடு கொடுத்தால் விலக்கு உண்டு. ஐரோப்பாவில், ‘சர்வரை நிறுத்தினாலும் கேமை ஆடும் நிலையில் விட்டுப் போங்கள்’ என்று கேட்கும் ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ மனுவில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். இந்தியாவில் 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ஆன்லைனில் விற்கும் டிஜிட்டல் பொருட்களையும் இ-காமர்ஸ் வரம்புக்குள் கொண்டுவந்திருக்கிறது. ஏமாற்றப்பட்டதாக நினைத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

* ஒருவர் மட்டும் ஆடும் கேமுக்கும் இன்டர்நெட் கட்டாயமா என்று பாருங்க. கட்டாயம் என்றால், சர்வர் நிற்கும் நாளில் கேமும் நிற்கும்.
* ஜிஓஜி தளம் ஆஃப்லைன் இன்ஸ்டாலரைத் தருகிறது. ஹார்டு டிஸ்க்கில் சேமித்து வைக்கலாம்.
* ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.
* கன்சோல் வாங்கும்போது அந்தப் பத்தாயிரத்தை மட்டும் பார்க்காதீங்க. வருஷத்துக்கு நாலைந்து கேம் வாங்கி விற்கும் பழக்கம் இருந்தால், டிஸ்க் மாடல்தான் லாபம்.