யோசனை உள்ளவருக்கு ஒரு கதவு



மலையில யூரியா போட்ட அன்னிக்கே மழை அடிச்சா உரம் ஆத்தோட போயிடும். இது நமக்கெல்லாம் தெரிஞ்ச விசயம். இதற்கு வழி தேடியவர்கள் ஹோமாகமையிலுள்ள 'சிலின்டெக்' நனோ தொழில்நுட்ப நிறுவனத்தார். 2008இல் அரசாங்கமும் தனியார் கம்பனிகளும் சேர்ந்து அமைத்த நிறுவனம் இது.

நனோ என்றால் மிக மிகச் சிறியது. ஒரு மில்லிமீற்றரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்குதான் நனோமீற்றர். எலும்பிலுள்ள தாதுப்பொருளை அப்படி நுண்துகளாக்கி, அதில் யூரியாவைப் பிடித்து வைத்தார்கள். அது மெதுவாகக் கரையும். நெல்லில் செய்த பரிசோதனையில் பாதி யூரியாவே போதுமாக இருந்ததாக 2017இல் அறிவித்தார்கள்.

யோசனை நம்மிடம் இருக்கும். மெசினும் ஆய்வுகூடமும் இருக்காது. அவற்றையும் ஆலோசனையையும் கொடுத்து, யோசனையைத் தொழிலாக்கவே அரசாங்கங்கள் இத்தகைய நிலையங்களை ஆதரிக்கின்றன. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த இரண்டு இளைஞர்கள் 2013இல் தொடங்கிய 'ஏதர்' மின்சார ஸ்கூட்டர் கம்பனி, அந்தக் கல்லூரியின் ஆதரவில்தான் வளர்ந்தது.

ஹோமாகம நமக்குத் தூரம்தான். பிரதேச செயலகத்தில் விதாதா வள நிலையம் பற்றி விசாரியுங்கள். சிறுதொழிலுக்கான தொழில்நுட்பப் பயிற்சி கொடுப்பது அதன் வேலை. புதிதாக ஒன்றைச் செய்த பிள்ளைகள், ஊருக்கெல்லாம் காட்டுவதற்கு முன் புலமைச் சொத்து அலுவலகத்தில் ஆக்கவுரிமைக்கு விண்ணப்பிப்பது நல்லது.

லயத்துப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்குன்னு நினைக்காதீங்க. அந்தப் பரிசோதனை நெல்லில் நடந்தது. நம்ம சரிவு மலையில உரம் எந்தப் பக்கம் கழுவிட்டுப் போகுதுன்னு கொழுந்து எடுக்கிறவங்களுக்குத்தான் முதலில் தெரியும்.