விசாவுக்குக் கைகொடுக்கும் காப்பீடு நோய்க்குக் கைகொடுக்குமா?

புது தில்லி: ஐரோப்பாவுக்குச் சுற்றுலா செல்லவோ, அங்குள்ள உறவினரைக் காணவோ விரும்பும் இந்தியர், விசா விண்ணப்பத்துடன் மருத்துவக் காப்பீட்டுச் சான்றையும் இணைத்தாக வேண்டும். அது இல்லையேல் விசா இல்லை. ஆனால், விசா பெறுவதற்குப் போதுமான அந்தக் காப்பீடு, அயல்நாட்டில் நோயுற்றுப் படுக்கும்போதும் போதுமானதாக இருக்குமா என்பது வேறு கேள்வி.

ஷெங்கன் உடன்பாட்டில் இணைந்துள்ள 29 நாடுகளுக்கும் இந்த விதி பொதுவானது. 2024-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவிலிருந்து 11 லட்சத்துக்கும் அதிகமான ஷெங்கன் விசா விண்ணப்பங்கள் அளிக்கப்பட்டன. சீனா, துருக்கிக்கு அடுத்தபடியாக அதிக விண்ணப்பங்கள் வருவது இந்தியாவிலிருந்துதான்.

30 ஆயிரம் யூரோ

குறைந்தது 30 ஆயிரம் யூரோவுக்கான காப்பீடு தேவை என்ற நிபந்தனை 2004 ஜூன் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. 2010 ஏப்ரல் முதல் அமலில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் விசா விதித் தொகுப்பும் அதே தொகையை ஏற்றுக்கொண்டது. அவசர சிகிச்சை, மருத்துவக் காரணங்களுக்காகத் தாயகம் திரும்புதல், மரணம் நேரிட்டால் ஏற்படும் செலவு ஆகியவற்றுக்கு இது பொருந்த வேண்டும். ஷெங்கன் பகுதி முழுவதற்கும், தங்கும் நாள்கள் அனைத்துக்கும் செல்லத்தக்கதாகவும் இருக்க வேண்டும். தூதரகக் கடவுச்சீட்டு வைத்திருப்போருக்கு விலக்கு உண்டு.

பலமுறை சென்றுவர விசா கேட்போர், முதல் பயணத்துக்கு மட்டும் சான்று அளித்தால் போதும். அடுத்தடுத்த பயணங்களுக்கும் காப்பீடு அவசியம் என்பதை அறிவோம் என்று விண்ணப்பத்தில் கையொப்பமிடுவதோடு சரி. இதனால், நீண்ட கால விசா பெற்றவர்கள் இரண்டாவது பயணத்தின்போது காப்பீட்டை மறந்துவிடும் வாய்ப்பு உள்ளது.

எல்லா நாடுகளும் ஒரே அணுகுமுறையைக் கையாளவில்லை. சுற்றுலா விசாவுக்கு அமெரிக்காவும் பிரிட்டனும் காப்பீட்டைக் கட்டாயமாக்கவில்லை. கனடாவில் வாழும் பிள்ளைகளைக் காணச் செல்லும் பெற்றோர் "சூப்பர் விசா' கோரினால், குறைந்தது ஒரு லட்சம் கனடிய டாலருக்கு ஓராண்டுக் காப்பீடு எடுக்க வேண்டும்.

சிறிய எழுத்துகளில்...

வெளிநாட்டவரின் செலுத்தப்படாத மருத்துவமனைக் கட்டணம் தங்கள் தலையில் விழக்கூடாது என்பதே இந்த நிபந்தனைகளின் அடிப்படை. அந்த நோக்கில் தவறு காண முடியாது. ஆனால், விசா பரிசீலனையில் பார்க்கப்படுவது காப்பீட்டுத் தொகை, நாள்கள், எல்லை போன்றவையே. முன்பே உள்ள நோய்களுக்கு இழப்பீடு கிடைக்குமா என்பது ஒப்பந்தத்தின் சிறிய எழுத்துகளில் அடங்கியிருக்கிறது.

பயணக் காப்பீடுகள் பலவற்றில் அத்தகைய நோய்களுக்கு இழப்பீடு கிடையாது. சிலவற்றில், உயிருக்கு ஆபத்தான நிலையில் மட்டும் வரம்புக்கு உட்பட்டுக் கிடைக்கும். ரத்த அழுத்தம், நீரிழிவு, இதய நோய் உள்ள முதியவர்களே காப்பீட்டின் துணையை அதிகம் நாடக்கூடியவர்கள். விதிவிலக்குகளால் அதிகம் பாதிக்கப்படுவோரும் அவர்களே. நோயை மறைத்து, குறைந்த கட்டணத்தில் காப்பீடு எடுப்பது பயன் தராது. உண்மை தெரியவந்தால் இழப்பீடு மறுக்கப்படும்.

தொழிலாளருக்கு எவ்வளவு?

அயல்நாட்டு அரசுகள் தங்கள் செலவைத் தவிர்க்க விதி வகுக்கின்றன. இந்திய அரசு தன் குடிமக்களுக்காக வகுத்துள்ள விதி என்ன?

பத்தாம் வகுப்பு தேறாத நிலையில் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குச் செல்வோர், 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி அரசின் அனுமதி பெற வேண்டும். இவர்களுக்காக 2003-இல் தொடங்கப்பட்ட "பிரவாசி பாரதிய பீமா யோஜனா' காப்பீடு கட்டாயமானது. 2017-இல் திருத்தப்பட்ட திட்டப்படி, வரி நீங்கலாக இரண்டு ஆண்டுகளுக்கு ரூ.275, மூன்று ஆண்டுகளுக்கு ரூ.375 கட்டணம். விபத்தில் மரணம் அல்லது நிரந்தர ஊனம் ஏற்பட்டால் ரூ.10 லட்சம் கிடைக்கும். ஆனால், மருத்துவச் செலவுக்கு ரூ.1 லட்சம்தான், அதிலும் ஒருமுறை மருத்துவமனையில் சேர்ந்தால் ரூ.50 ஆயிரமே உச்சவரம்பு.

பத்து நாள் சுற்றுலா செல்பவருக்கு ஐரோப்பா கோரும் 30 ஆயிரம் யூரோ, இன்றைய மதிப்பில் ஏறத்தாழ ரூ.30 லட்சம். இரண்டு ஆண்டுகள் கட்டடச் சாரத்தில் நின்று உழைப்பவரின் சிகிச்சைக்கு இந்தியா வற்புறுத்துவது அதில் முப்பதில் ஒரு பங்கு.

சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம் போன்ற நாடுகளில் தொழிலாளருக்கு மருத்துவக் காப்பீடு அளிக்கும் பொறுப்பு முதலாளியைச் சார்ந்தது என்பது உண்மையே. அந்த முதலாளி கைவிட்டால், அல்லது தொழிலாளர் அவரைவிட்டு விலக நேர்ந்தால், அந்தப் பாதுகாப்பு நிச்சயமில்லை. அப்போது தொழிலாளரிடம் எஞ்சுவது, தாயகத்தில் எடுத்த காப்பீடு மட்டுமே.

கட்டாயம் என்று அரசு விதிக்கும் ஒரு காப்பீடு, அதைச் சுமப்பவருக்கும் பயன்பட வேண்டும். ஷெங்கன் விசாவுக்குக் காப்பீடு எடுப்பவர், கட்டணத்தை ஒப்பிடும் முன் விதிவிலக்குகளைப் படித்துத் தம்மைக் காத்துக்கொள்ள முடியும். குடிபெயர்வு அனுமதிக்கு வரிசையில் நிற்கும் தொழிலாளருக்கு அந்தத் தெரிவு இல்லை. 2017-இல் நிர்ணயிக்கப்பட்ட அந்த ரூ.1 லட்சத்தை உயர்த்தும் கடமை தில்லியைச் சேர்ந்தது.