இலைநுனியில் ஓர் அடையாளம்

மாரி தொடங்கிக் கந்தளாய்க் குளத்தை அடுத்த பற்றைக்காடு பசுமை கொண்டதும், பற்றைகளின் தலைமேல் தீக்கொழுந்து போலக் காந்தள் எழுகின்றது. கார்த்திகைப்பூ என்பதும் இதுவே. கந்தளாய், காந்தள் என்னும் ஒலி ஒற்றுமையைக் கொண்டு ஊர்ப்பெயருக்குப் பொருள் கூற நான் துணியேன். அவ்வூர்க்குக் குளமே போதிய புகழ்.

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய பூக்களுள் முதலில் நிற்பது செங்காந்தள். மகளிர் விரலுக்கு அதனை உவமித்தல் புலவர் மரபு. ஆயின் உவமை பூவைக் காட்டுமேயன்றிக் கொடியைக் காட்டாது. பூ இல்லாத காலத்திலேதான் ஆபத்து.

பூ இருக்குமிடத்து ஐயமில்லை. இதழ்கள் ஆறு, ஓரம் நெளிந்து பின்னோக்கி மடிந்து நிற்கும். பசுமையாய்ப் பிறந்து, மஞ்சளாகி, ஈற்றில் செம்மை பெறும். மகரந்தத் தாள்கள் ஆறும் ஆரக்கால் போல விரிய, சூல்தண்டு மட்டும் அடியிலேயே செங்கோணமாக மடிந்து பக்கவாட்டில் நீளும். வேறெந்தக் காட்டுப்பூவிலும் இம்மடிப்பை நான் கண்டதில்லை.

பூவற்ற கொடியிலோ இலையை நோக்கவேண்டும். அதற்குக் காம்பில்லை, நரம்புகள் நெடுக்கே இணையாக ஓடும், நுனி மெலிந்து சுருண்டு, பற்றுக்கம்பியாகி அயற்செடியைப் பிடிக்கும். இலையே கையாகிவிட்டது எனலாம். வற்றாளைக்கும் காட்டுவள்ளிக்கும் இலைக்காம்பு உண்டு, நுனிச்சுருள் இல்லை. வள்ளி தண்டினாலேயே சுற்றி ஏறும். வற்றாளை தரையிற் படரும்.

இவ்வேறுபாட்டை ஏன் இத்துணை வற்புறுத்துகிறேன்? உண்ணும் கிழங்கென்று கருதி இதனை அவித்துண்டு நஞ்சுற்றோர் இலங்கையில் உளர். கொல்சிசின் என்னும் அந்நஞ்சு அவித்தாலும் நீங்குவதில்லை. உண்டவுடன் ஒன்றும் தோன்றாது. சில மணி நேரம் சென்றபின்னரே வாந்தியும் பேதியும் காணும். பிழைத்தோர்க்குப் பின்னர் முடி உதிர்வதுண்டு. உடல் முழுவதும் அவ்வாறு உதிர்ந்ததை 1966இல் பிரித்தானிய மருத்துவ ஏடொன்று வெளியிட்டது. அதே கொல்சிசினை அணுவளவாக அளந்து, கவுட் என்னும் மூட்டுநோய்க்கு மருந்தாகக் கொடுக்கின்றனர். அதன் பொருட்டே தமிழ்நாட்டில் திண்டுக்கல், கரூர்ப் பக்கங்களில் இக்கொடியைக் கண்வலிக்கிழங்கு என்னும் பெயரால் பயிரிட்டு விதை எடுக்கின்றனர்.

கிழங்குக்கும் ஓர் அடையாளம் உண்டு. அது இருகூறாகப் பிரிந்து வளைந்திருக்கும். கலப்பைக்கிழங்கு என்ற பெயர் அதனால் வந்தது. வேனிலில் கொடி பட்டுப்போம். பூவும் இராது, இலையும் இராது. அப்போது மண்ணைக் கிளறுவோர் கையில் எஞ்சுவது அந்தக் கலப்பை வளைவு ஒன்றே.