பின்சக்கரத்தில் ஒரு கறுப்புக் கோடு

ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்து மாந்தோப்புகளுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் பழைய மகிந்திரா ஜீப்பை இன்னும் விடாமல் ஓட்டுகிறவர்கள் உண்டு. அப்படியொரு வண்டியின் பின்சக்கரத்தைக் குனிந்து பார்த்தால், டயரின் உள்பக்கம் எண்ணெய் வழிந்து, அதில் கரிசல் புழுதி அப்பி, கறுப்பாக ஒரு கோடு தெரியும். "ஆயில் சீல் போயிருச்சு அண்ணாச்சி, மாத்திருவோம்" என்பார் மெக்கானிக். மாற்றுவார்கள். இரண்டே மாதத்தில் அதே கோடு மறுபடி வரும்.

பழி சீலுக்குப் போகிறது. பல சமயம் அது பாவம், அப்பிராணி.

மகிந்திரா 1947இல் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியது. அந்த வழியில் வந்த சிஜே3பி ஜீப் அமெரிக்காவில் 1968இல் நின்றுபோனாலும், இங்கே அதன் பிறகும் பல ஆண்டுகள் தயாரானது. அதனால்தான் இதற்கெல்லாம் இன்றும் உதிரிபாகம் கிடைக்கிறது.

இந்த ஜீப்பின் பின் ஆக்ஸிலில் ஒவ்வொரு பக்கமும் இரண்டு சீல்கள். உள்சீல் கிரவுன் ஆயிலைத் தடுக்கும். வெளிசீல் பேரிங்கின் க்ரீஸைக் காக்கும். சீல் என்பது இரும்பு வளையத்துக்குள் ஒரு ரப்பர் உதடு, அதைச் சுற்றி மெல்லிய ஸ்பிரிங். சுழலும் ஷாஃப்டை அந்த உதடு லேசாகக் கவ்விக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். ஷாஃப்டில் பழைய சீல் தேய்த்த பள்ளம் இருந்தால் புது உதடு எதைக் கவ்வும்? நகத்தால் வருடிப் பார்த்தாலே பள்ளம் தட்டுப்படும். பேரிங்கில் ஆட்டம் இருந்தால் ஷாஃப்டும் ஆடும். ரப்பரால் கூடவே ஆட முடியாது.

யாரும் கண்டுகொள்ளாத குற்றவாளி இன்னொருவர்: ஆக்ஸிலின் மேலிருக்கும் சின்ன மூச்சுத் துளை. ஓட்டத்தில் உள்ளே காற்று சூடாகி விரியும். துளையைச் சேறு அடைத்திருந்தால் அந்த அழுத்தம் எண்ணெயைச் சீல் வழியாகத் தள்ளிவிடும். ஒரு கம்பியும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் போதும், சுத்தமாகிவிடும். பிரேக் ஷூவில் எண்ணெய் ஊறிவிட்டால் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது. பெட்ரோலில் கழுவினாலும் சூடேறியதும் உள்ளிருந்து மறுபடி கசியும்.

ஷாஃப்ட் நுனி கூம்பு வடிவம் என்பதால் ஹப் அதில் இறுகிக் கிடக்கும். புல்லர் போட்டுத்தான் இழுக்க வேண்டும். அப்போதும் நட்டை முழுதாகக் கழற்றாமல் நாலு புரி விட்டுவைப்பார்கள். இல்லாவிட்டால் பிடி விட்ட ஹப் வெடிச் சத்தத்தோடு எகிறும். சிவகாசிப் பக்கத்துக்காரர்களுக்குச் சத்தம் புதிதல்ல, காலில் விழும் இரும்புதான் புதிது. பேரிங் கப்பைத் தட்டி எடுக்க அவர்கள் தேடுவது பித்தளைத் துண்டு. பட்டாசு ஆலையில் பித்தளைக் கருவி தீப்பொறிக்குப் பயந்து. இங்கே, கெட்டி எஃகு சில்லுச் சில்லாகத் தெறிக்கக் கூடாதென்று.

இந்த ஆக்ஸிலில் இருக்கும் கூம்பு உருளை பேரிங்குக்கு 1898இல் காப்புரிமை வாங்கியவர் ஹென்றி டிம்கென், குதிரை வண்டி செய்தவர். பாரத்தோடு வளைவில் வரும் பக்கவாட்டுத் தள்ளலையும் அது தாங்கும். ஆனால் ஆட்டம் அளவாக இருக்க வேண்டும்: சிஜே3பியில் 0.001 முதல் 0.006 அங்குலம். பிரேக் தட்டுக்குப் பின்னால் வைக்கும் ஷிம் தகடுகள்தான் அதைத் தீர்மானிக்கின்றன. டயல் கேஜ் இல்லாத பட்டறையில் ஹப்பை இரு கையாலும் பிடித்து இழுத்துத் தள்ளிப் பார்த்தே கணக்குப் போடுகிறார்கள்.

பிறகு பத்து கிலோமீட்டர், பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஓட்டம். நிறுத்தியதும் ஹப்பின் மேல் உள்ளங்கை. வெதுவெதுப்பு சரி. சுட்டுக் கையை எடுக்க வைத்தால் இன்னும் ஒரு ஷிம் சேர்க்க வேண்டும். மறுபடி ஜாக்கி, மறுபடி புல்லர்.