தொலைவு மாறவில்லை; நேரம் மாறியது

பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கியையும் ஜப்பானின் தலைநகரான டோக்கியோவையும் வகுப்பறைச் சுவரில் தொங்கும் உலகப்படத்தில் அளவுகோல் வைத்து இணைத்துப் பாருங்கள். கோடு கஜகஸ்தான், மங்கோலியா வழியாகச் செல்லும். அதுவே குறுகிய வழி என்று தோன்றும். உருண்டையான புவிமாதிரியை எடுத்து, அவ்விரு நகரங்களுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் உண்மை விளங்கும். நூல் வடக்கே வளைந்து, சைபீரியாவின் மேல் ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டிச் செல்லும். இதனைப் பெருவட்டப் பாதை என்பர். இதன் நீளம் சுமார் 7,800 கிலோமீட்டர். மணிக்கு 850 முதல் 900 கிலோமீட்டர் வரை விரையும் விமானம் இதனைக் கடக்க, ஏறி இறங்கும் நேரத்தையும் சேர்த்து, ஒன்பதரை மணி நேரம் போதும். மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்றினால் போகும் நேரம் சற்றுக் குறையும். வரும் நேரம் சற்றுக் கூடும்.

ஆனால், வானம் பொதுவழி அன்று. ஒவ்வொரு நாடும் தன் நிலப்பரப்பின் மேலுள்ள வான்வெளிக்கு முழு உரிமை உடையது என 1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கை ஏற்றுக்கொண்டது. சோவியத் வான்வெளியைத் தவிர்க்கவே, ஃபின்ஏர் நிறுவனம் 1983இல் வடதுருவத்தின் மேலாக, அலாஸ்காவைச் சுற்றிக்கொண்டு, எங்கும் இறங்காமல் டோக்கியோவுக்குப் பறக்கத் தொடங்கியது. பயண நேரம் ஏறத்தாழ 13 மணி. அத்தனை சுற்று தேவைதானா என்று கேட்பவர்க்கு அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாளே விடை. வழிதவறிச் சோவியத் வான்வெளிக்குள் நுழைந்த கொரிய விமானம் ஒன்று சுட்டு வீழ்த்தப்பட்டது. அதிலிருந்த 269 பேரும் மாண்டனர்.

பிற்காலத்தில் சைபீரிய வழி திறந்தது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் மூண்டதும், ஐரோப்பிய நாடுகளும் ரஷ்யாவும் ஒன்றன் விமானத்திற்கு மற்றொன்று வான்வெளியை மூடின. ஹெல்சிங்கி விமானம் மீண்டும் துருவத்தின் மேல் ஏறியது. நேரமும் மீண்டும் 13 மணியானது. கூடுதல் நேரம் என்பது கூடுதல் எரிபொருள். எரிபொருளின் எடை கூடினால், ஏற்றும் சரக்கு குறையும். துருவக் குளிரில் இன்னொரு கவலையும் உண்டு. விமான எரிபொருளான ஜெட் ஏ-1 உறையாதிருப்பது மைனஸ் 47 பாகை செல்சியஸ் வரைதான். எனவே விமானிகள் இறக்கைத் தொட்டிகளின் வெப்பநிலையைக் கண்காணித்தபடியே செல்வர்.

பயண நேரத்தைக் கடிகாரத்தை மட்டும் பார்த்துக் கணிப்பவர் ஏமாறுவர். குளிர்காலத்தில் டோக்கியோ, ஹெல்சிங்கியைவிட 7 மணி நேரம் முந்தியிருக்கும். ஹெல்சிங்கியில் மாலை 5 மணிக்குப் புறப்படுபவர், 13 மணி நேரம் பறந்து, மறுநாள் பகல் 1 மணிக்கு டோக்கியோவில் இறங்குவார். கடிகாரம் காட்டும் இடைவெளியோ 20 மணி. திரும்பும்போது டோக்கியோவில் இரவு 10 மணிக்கு ஏறினால், ஹெல்சிங்கியில் விடியற்காலை 4 மணிக்கு இறங்கலாம். அப்போது 6 மணி நேரமே கழிந்ததுபோல் தோன்றும். துருவத்தைக் கடந்தமைக்காகப் பயணிகளுக்கு ஒரு சான்றிதழும் தரப்பட்டது.