தீக்குச்சியோட சூடு யாருக்குத் தெரியும்? சந்திரபாபு கதையில் ஒரு பணப் பாடம்

போன தீபாவளி சீசனுக்கு முன்னாடி, சிவகாசியில ஒரு அச்சகத்துல வேலை பார்க்குற தம்பி ஒருத்தர் என் ஆபீஸுக்கு வந்தார். “அண்ணே, ஃப்ரெண்டு பட்டாசுக் கடை போடுறான். பேங்க் லோனுக்கு ஜாமீன் கேக்குறான். சும்மா ஒரு கையெழுத்துதானே?”

அவருக்கு நான் முதல்ல சட்டம் சொல்லல. சந்திரபாபு கதையைச் சொன்னேன்.

நம்ம பக்கத்து தூத்துக்குடியில 1927-ல் பிறந்தவர். கொழும்பில் வளர்ந்தவர். ராக் அண்ட் ரோல் ஆட்டம், யோடலிங் பாட்டுன்னு நைட் கிளப் மேடையையே தமிழ் சினிமாவுக்குள்ள கொண்டுவந்த காமெடியன். 1952-ல் வாய்ப்பு கிடைக்காத விரக்தியில் உயிரை விடப் பார்த்தார், பிழைத்துக்கொண்டார். அதுவே வழக்காச்சு. கோர்ட்டில் காரணம் கேட்டப்போ, ஒரு தீக்குச்சியை உரசித் தன் கையிலேயே சுட்டுக்கிட்டாராம். நெருப்பு உங்க கண்ணுக்குத் தெரியும், சூடு எனக்கு மட்டும்தான் தெரியும் என்பதுபோலச் சொன்னாராம். இன்னிக்கும் சினிமாக்காரங்க சொல்ற கதை இது.

அப்புறம் புகழ், பணம் எல்லாம் வந்துச்சு. 1960-ல் கண்ணதாசன் தயாரித்த ‘கவலை இல்லாத மனிதன்’ படத்துல ஹீரோ. அடுத்து எம்.ஜி.ஆரை வைத்து ‘மாடி வீட்டு ஏழை’ன்னு சொந்தப் படம் தொடங்கினார். படம் பாதியிலேயே நின்னுபோச்சு. கடன் ஏறுச்சு, ஆசையா கட்டின வீடும் கையை விட்டுப் போச்சு. படத்தோட தலைப்பு அவருக்கே பலிச்ச மாதிரி ஆயிடுச்சு! 1966-ல் ‘தட்டுங்கள் திறக்கப்படும்’ படத்தை இயக்கினார். ஆனா பழைய நிலைமை திரும்பல. 1974-ல் 46 வயசுல காலமானார்.

திறமை குறைஞ்சதால வீழ்ந்தவர் இல்ல. சம்பாதிச்சதையெல்லாம் ஒரே படத்துல கட்டினார். அவராவது சொந்தக் கனவுக்காகக் கட்டினார். ஜாமீன் போடுற நீங்க, அடுத்தவர் கனவுக்காகக் கட்டுறீங்க.

இப்ப சட்டத்துக்கு வருவோம். 1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 128: ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதாத வரைக்கும், கடன் வாங்கினவருக்கு இருக்கிற அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. நண்பர் கட்டலைன்னா, அவரை முழுசா துரத்தி முடிச்சிட்டுத்தான் பேங்க் உங்ககிட்ட வரணும்னு இல்ல. நேரா உங்ககிட்டயே வரலாம். உங்க சிபில் ஸ்கோரும் அடிபடும். தீபாவளிக்கு ரெண்டு நாள் முன்னாடி மழை பெஞ்சா பட்டாசு வியாபாரம் என்ன ஆகும்னு நம்ம ஊர்க்காரங்களுக்குச் சொல்லவா வேணும்?

அதனால மூணே விஷயம்:

1. ஆறு மாச செலவைத் தனியா எடுத்து வைங்க. மாசம் 20,000 ரூபாய் செலவுன்னா, 1,20,000 ரூபாய்.

2. முழுக் கடனையும் நாமளே கட்ட முடியும்னா மட்டும் ஜாமீன் போடுங்க.

3. குடியிருக்குற வீட்டை எந்தத் தொழிலுக்கும் பணயமா வைக்காதீங்க.

அந்தத் தம்பி கையெழுத்து போடல. போனாலும் தாங்கிக்கலாம்னு, சேமிப்புல இருந்து 25,000 ரூபாய் கைமாத்தா கொடுத்தார். நட்பும் தப்பிச்சது, தூக்கமும் தப்பிச்சது.

கையெழுத்து போடுறதை எல்லாரும் பார்ப்பாங்க. சூடு உங்களுக்கு மட்டும்தான்.